ஆரணிப் பட்டும் இமாம் புகாரியின் தலைப்புகளும்

ஆரணியின் வரலாற்றை அறிய விழையும் ஆய்வாளர் ஒருவர் இணையத்தில் அவ்வூர்ப் பெயரை இட்டுத் தேடுவதாகக் கொள்வோம். அவர்முன் முதலில் வந்து நிற்பவை பெரிதும் பட்டுச்சேலை விளம்பரங்களாகவே இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு உள்ளே சென்றால், திருவள்ளூர் மாவட்டத்தில் அதே பெயர் தாங்கிய வேறோர் ஊரும், ஆரணியாறும், மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்து ஆர்ணியும் ஒன்றோடொன்று கலந்து வரும். கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த, கைத்தறிப் பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஆரணியே தமக்கு வேண்டியது என்பதை அவர் அறிவார், தேடுபொறி அறியாது.

பெயர் ஒன்றாகவும் பொருள் பலவாகவும் இருப்பதால் நேரும் இடர் இது. பொருள் ஒன்றாக இருக்கப் பெயர் பலவாவதால் நேரும் இடர் இதனினும் பெரிது. 1751ஆம் ஆண்டு ஆற்காட்டு முற்றுகை முடிந்த சில வாரங்களில், சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிபின் படையைக் கிளைவ் ஆரணிக்கருகில் முறியடித்தார். 1782 ஜூன் 2ஆம் நாள் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் இதே ஊரருகே மோதின. இப்போர்களைக் கூறும் ஆங்கிலப் பதிவுகளில் ஊரின் பெயர் ‘ஆர்னி’ என்றும் ‘ஆர்னீ’ என்றும் வரும். ரஸா சாகிபின் பெயரோ மெக்காலே கிளைவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ‘ராஜா சாகிப்’ ஆகிவிட்டது. ஒரு முஸ்லிம் இளவரசரின் பெயர் எழுத்துப்பிறழ்ச்சியால் அரசப் பட்டமாகத் திரிந்தமையால், ரஸா என்று தேடுவோர் அவரை அங்கே காணமாட்டார். மாவட்டப் பெயரும் நிலையாக இல்லை. 1989 வரை வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த ஊர், அதன்பின் திருவண்ணாமலை மாவட்டத்தின் பகுதியாயிற்று. பழைய அரசிதழ்களும் விவரச்சுவடிகளும் வடஆர்க்காடு என்ற தலைப்பின் கீழேயே இன்றளவும் கிடக்கின்றன.

ஆக, ஆரணியைப் பற்றிய செய்திகள் இல்லாமற் போகவில்லை. அவை வேறு வேறு பெயர்களின் கீழ் உறங்குகின்றன. ஆற்காட்டு நவாபுகளின் காலம் பற்றிய பாரசீக வரலாறான ‘துஸுக்கே வாலாஜாஹி’யைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்காக டாக்டர் முஹம்மது ஹுஸைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்த்தார், அதன் முதற்பகுதி 1934இல் வெளிவந்தது. ஹைதரின் வரலாற்றைக் கூறும் கிர்மானியின் ‘நிஷானே ஹைதரி’ 1842இல் ஆங்கிலமாயிற்று. வடஆர்க்காட்டு ஊர்களின் அக்கால நிலையை அறிய விரும்புவோர் இந்நூல்களையன்றி நகர இயலாது. ஆயினும், ஓர் ஊரின் பெயரைக்கொண்டு தேடுபவருக்கு இவை கிட்டுவதில்லை. இவற்றின் நூலட்டையில் எழுதப்பட்டுள்ளவை ‘கருநாடக நவாபுகள்’, ‘மைசூர்’ ஆகிய சொற்களே.

இணையத்தில் ஏற்றப்படும் கட்டுரைக்கும் படத்திற்கும் ஒலிப்பதிவுக்கும் அவற்றை மீட்டெடுக்க உதவும்பொருட்டு இடப்படும் சிறு பெயர்ச்சீட்டைக் ‘குறிச்சொல்’ என்கிறோம். எந்தப் பொருளுக்கு எந்தக் குறிச்சொல்லைப் பரிந்துரைப்பது, எத்தனை இடுவது, அதை இடும் உரிமை ஆக்கியவருக்கா, நூலகருக்கா, வாசகருக்கா, கணினிக்கா என்ற வினாக்கள் கணினியியலாரின் தனிச்சொத்து என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இவை நம் முன்னோர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டு, தெளிந்த விடைகளும் கண்ட வினாக்களாகும். வியப்பு யாதெனில், அவ்விடைகளுள் சிறந்த ஒன்று பட்டாடை பற்றிய ஒரு நிகழ்ச்சியிலேயே நமக்குக் கிடைக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலின் வாயிலருகே கோடிட்ட பட்டாடை ஒன்று விலைக்கு இருப்பதைக் கண்டார்கள். வெள்ளிக்கிழமைகளிலும் தூதுக்குழுக்கள் வரும்போதும் அணிந்துகொள்ள அதை வாங்கலாமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கூறினார்கள். மறுமையில் பங்கில்லாதவரே இதை அணிவர் என்று நபிகளார் (ஸல்) மறுத்துவிட்டார்கள். பின்னர் அத்தகைய ஆடைகள் சில நபிகளாரிடம் வந்துசேர, அவற்றுள் ஒன்றை உமருக்கே கொடுத்தனுப்பினார்கள். திகைத்த உமர் காரணம் கேட்டபோது, அணிவதற்காக அதைத் தரவில்லை என்ற விளக்கம் கிடைத்தது. உமர் அதை மக்காவில் இருந்த, அன்றுவரை இஸ்லாத்தைத் தழுவாத தம் சகோதரருக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள்.

இந்நிகழ்ச்சியை ஹதீஸ் தொகுப்பில் எங்கே வைப்பது? ‘ஆடை’ என்ற பகுதியில் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் விடை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அங்கே வைத்தார்கள்; பெண்களுக்குப் பட்டு என்பது அங்குள்ள தலைப்பு. ஆனால் அத்துடன் நிற்கவில்லை. ஜுமுஆப் பகுதியில், இருப்பனவற்றுள் சிறந்ததை அணிதல் என்ற தலைப்பின் கீழும் இதை வைத்தார்கள். பெருநாள் பகுதியில் ஒப்பனை செய்துகொள்வது பற்றிய தலைப்பின் கீழும், ஜிஹாத் பகுதியில் தூதுக்குழுக்களை வரவேற்கத் தோற்றத்தைச் செம்மைப்படுத்துவது பற்றிய தலைப்பின் கீழும் இது உண்டு. அன்பளிப்புப் பகுதியில் இருமுறை வருகிறது: அணிய விரும்பத்தகாத ஒன்றை அன்பளிப்பாகத் தருதல் என ஒருமுறை, இணைவைப்போருக்கு அன்பளிப்புச் செய்தல் என மற்றொரு முறை. நற்பண்புகள் பகுதியிலும் இருமுறை. அவற்றுள் ஒன்றன் தலைப்பு, இணைவைக்கும் சகோதரனுடன் உறவைப் பேணுதல். இன்னும் ஓரிடம் எஞ்சுகிறது. வணிகப் பகுதியில், அணிய விரும்பத்தகாதவற்றை விற்று வாங்குதல் என்ற தலைப்பின் கீழ் அதே பட்டாடை மீண்டும் தோன்றுகிறது.

ஒரே நிகழ்ச்சி ஏழு பெரும்பகுதிகளில் ஒன்பது இடங்களில் வருவதை மேலெழுந்தவாரியாக நோக்குவோர் கூறியது கூறல் என்பர். தலைப்புகளை ஒருசேர வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு தனி வாசகரை எண்ணி இடப்பட்டது என்பது விளங்கும். வெள்ளிக்கிழமை எதை அணிவது என்று கேட்பவர் ஒருவர். மாற்றுமதத்தைச் சேர்ந்த உடன்பிறந்தாரோடு எவ்வாறு பழகுவது என்று கலங்குபவர் மற்றொருவர். தாம் அணியலாகாத பட்டைத் தாம் நெய்து விற்கலாமா என்று ஐயுறும் நெசவாளியோ வணிகரோ இன்னொருவர். ஆரணி போன்றதோர் ஊரில் பட்டுத்தொழிலோடு தொடர்புடைய முஸ்லிம் ஒருவர்க்கு இம்மூன்றாம் வினா ஏட்டளவிலான வினாவன்று. அவருக்குரிய விடை ஆடைப் பகுதியில் மட்டும் அடைபட்டிருந்தால், அணிவது பற்றிய தீர்ப்பை அறிவாரேயன்றி, விற்பது பற்றிய வெளிச்சத்தைக் காணமாட்டார்.

புகாரித் தொகுப்பில் மீண்டும் வருவனவற்றையும் சேர்த்து எண்ணினால் 7,563 ஹதீஸ்கள். மீண்டும் வருவனவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 2,600 என்பர். இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடே அவர்தம் குறிச்சொல் முறையின் அளவுகோல். இமாம் புகாரியின் சட்ட நுண்ணறிவு அவர் இட்ட தலைப்புகளில் பொதிந்துள்ளது என்பது அறிஞரிடையே வழங்கிவரும் கூற்று. இத்தலைப்புகளை விளக்குவதற்கென்றே ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டில் இப்னுல் முனய்யிர் தனி நூல் எழுதினார். ரஸா சாகிப் ஆரணிக்கருகே தோற்ற அதே காலத்தில் தில்லியில் வாழ்ந்த ஷாஹ் வலியுல்லாஹ்வும் (1703–1762) இத்தலைப்புகளுக்கு விளக்கவுரை வரைந்தார்.

இமாம் முஸ்லிம் (ரஹ்) வேறு வழியில் சென்றார்கள். ஒரு ஹதீஸின் எல்லா அறிவிப்பு வடிவங்களையும் ஓரிடத்தில் திரட்டி வைப்பது அவர்கள் முறை. பாட ஒப்பீடு செய்வோருக்கு இம்முறையே எளிது. பெரும்பகுதிகளுக்குள் சிறுதலைப்புகளை அவர்கள் இடவில்லை. இன்று அச்சுப்படிகளில் நாம் காணும் தலைப்புகள் பெரும்பாலும் நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த இமாம் நவவி (ரஹ், மறைவு ஹி. 676 / கி.பி. 1277) இட்டவை. இன்றைய மொழியிற் சொல்வதானால், ஆக்கியோர் இடாத குறிச்சொற்களைத் தேர்ந்த வாசகர் ஒருவர் பரிந்துரைத்தார், உலகம் ஏற்றுக்கொண்டது. அத்தலைப்புகளை இமாம் முஸ்லிமின் சொற்களாகவே கருதி வாதிடுவோர் இன்றும் உளர். பரிந்துரைத்தவர் யார் என்பது மறந்துபோனால் பரிந்துரையே மூலமாகிவிடும் என்பதற்கு இது சான்று.

நூற்பட்டியல் கலையிலும் நமக்குப் பழம்பெருமை உண்டு. பகுதாதில் ஏடு பெயர்த்தெழுதுவதையும் நூல் விற்பதையும் தொழிலாகக் கொண்டிருந்த இப்னுந் நதீம் ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ எனும் பெரும்பட்டியலைப் பத்து இயல்களாக வகுத்தார். கடைக்கு வருவோர் எதை எப்பெயரால் கேட்பர் என்பதை நூல் வணிகரைவிட நன்கறிந்தவர் எவர்? பதினேழாம் நூற்றாண்டில் துருக்கிய அறிஞர் காத்திப் செலபி ஏறத்தாழ 15,000 நூல்களை அகரவரிசைப்படுத்தினார்.

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு வகைக் கருவி பிறந்தது. டச்சு அறிஞர் வென்சிங்க் தொடங்கிவைத்த ஹதீஸ் சொல்லடைவு லெய்டனில் 1936 முதல் 1969 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. எகிப்திய அறிஞர் முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகீ திருக்குர்ஆனுக்கு அரபு வேர்ச்சொல் முறையில் சொல்லடைவு அமைத்தார். ஒரு சொல் நினைவிலிருந்தால் அது வரும் இடமெல்லாம் கைக்கெட்டும். இன்றைய தேடுபொறி செய்வதும் பெரிதும் இதுவே. ஆனால், சொல்லடைவு சொல்லைத்தான் காட்டும், பொருளைக் காட்டாது. பட்டு என்னும் பொருளில் திருக்குர்ஆனில் ‘ஹரீர்’ மூன்று வசனங்களிலும், ‘சுந்துஸ்’ மூன்று வசனங்களிலும், ‘இஸ்தப்ரக்’ நான்கு வசனங்களிலும் வருகின்றன. ஹரீர் என்ற சொல்லை மட்டும் பற்றிச் செல்பவர் அல்கஹ்ஃப் அத்தியாயத்துச் சுவனவாசிகளின் பச்சைப் பட்டாடையைக் காணமாட்டார். மேற்காட்டிய உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியிலும் இதே நிலைதான். ஜுமுஆப் பகுதியில் அது ‘சியரா’ எனும் கோடிட்ட ஆடையாகவும் பெருநாள் பகுதியில் ‘இஸ்தப்ரக்’ ஆகவும் வருகிறதேயன்றி, அவ்விடங்களில் ஹரீர் என்ற சொல்லே இல்லை. இதை அறிந்தமையால்தான் போலும், வென்சிங்க் சொல்லடைவுக்கு முன்னதாகவே, 1927இல், பொருள்வாரியான ஹதீஸ் கையேடு ஒன்றையும் வெளியிட்டார். அதை அரபியில் ஆக்கித் தந்தவரும் அப்துல் பாகீயே.

தமிழில் இவ்விடர் இன்னும் கூர்மையானது. ‘பட்டு’ என்ற சொல்லைத் தமிழ்ப் பக்கங்களில் தேடிப் பாருங்கள். எழுதப்பட்டு, அழைக்கப்பட்டு, துன்பப்பட்டு என வினையெச்சங்கள் வெள்ளமாய் வரும். அவற்றைக் கடந்தால் செங்கல்பட்டும் ஆரணிக்கு அண்மையிலுள்ள சேத்துப்பட்டும் வந்து நிற்கும். இவற்றினிடையே பட்டுநூலைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ‘பட்டு நெசவு’ எனும் ஒரு குறிச்சொல்லை மனிதர் எவரேனும் இட்டிருந்தாலொழிய அக்கட்டுரை கிடைக்காது.

ஒரு சொல் பல பொருளும், பல சொல் ஒரு பொருளும் தமிழர்க்குப் புதிய சிக்கல்களல்ல. திவாகர நிகண்டு தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் சொற்களைத் தொகுத்தது. பதினோராம் தொகுதியை ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கும், பன்னிரண்டாம் தொகுதியைப் பல்பொருட் கூட்டத்து ஒரு பெயர்களுக்கும் ஒதுக்கியது. அந்நிகண்டுகளை மனனம் செய்த தலைமுறை மறைந்தபின் நூலகத்திற்குள் நுழைந்தது மேலை வகைப்பாடு.

1876இல் அமெரிக்கர் மெல்வில் டூயி வகுத்த பதின்மப் பகுப்பு முறை சமயத்துக்கு 200 முதல் 299 வரையிலான எண்களை அளித்தது. அப்பத்துப் பிரிவுகளுள் ஏழு கிறித்தவத்துக்குரியவை. ஏனைய சமயங்கள் அனைத்தும் 290க்குள் ஒடுங்க, இஸ்லாத்துக்கு 297 என்ற ஓர் எண் கிடைத்தது. ஆயிரமாண்டு இலக்கியம் ஒரே எண்ணுக்குள் புள்ளிக்குப் பின் புள்ளியாக நெருக்கியடித்து நிற்க வேண்டியதாயிற்று. இதற்கு மாற்றுக் கண்டவர் தமிழகத்தவர். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். இரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அதில் சமயத்துறையின் ஏழாம் இடம் இஸ்லாத்துக்கு உரியது; கிறித்தவத்துக்கு ஆறாம் இடம். ஒவ்வொன்றுக்கும் ஓரிலக்கம். அக்கால வழக்கையொட்டி ‘முகம்மதியம்’ என்றே பெயரிட்டிருந்தாலும், இடம் ஒதுக்கியதில் அவர் நடுநிலை பிறழவில்லை.

இரங்கநாதனின் பெருங்கண்டுபிடிப்பு இவ்விடவொதுக்கீட்டைக் காட்டிலும் ஆழமானது. நூல்களுக்கு முன்கூட்டியே பெட்டிகளைச் செய்து வைத்து அவற்றுள் திணிப்பதை அவர் கைவிட்டார். இலண்டன் கடையொன்றில் சிறுவர்க்கான மெக்கானோ விளையாட்டுக் கருவியைக் கண்டபோது, சில துண்டுகளைக் கொண்டு எண்ணற்ற உருவங்களை ஆக்கலாம் என்ற கருத்து அவருக்கு உதித்ததாகக் கூறுவர். ஒரு நூலின் பொருளை ஆளுமை, மூலப்பொருள், செயல், இடம், காலம் என்ற ஐந்து கூறுகளாகப் பகுத்து, பின் அவற்றைக் கோத்து எண்ணாக்குவது அவர் முறை. பதினெட்டாம் நூற்றாண்டு ஆரணியில் சேலை நெய்தல் பற்றி ஒரு நூல் இருக்குமாயின், சேலை, பட்டு, நெய்தல், ஆரணி, பதினெட்டாம் நூற்றாண்டு என ஐந்து நூலிழைகள் கிடைத்துவிடும். எந்த இழையைப் பிடித்து இழுத்தாலும் நூல் வரவேண்டும். (இடமும் காலமும் தொல்காப்பியர் முதற்பொருள் என்ற நிலமும் பொழுதுமே என்பது நினைவுக்கு வருகிறது.) ஆயினும், அச்சிட்ட நூல் அலமாரியில் ஓரிடத்தில்தான் நிற்க இயலும். பட்டியல் அட்டைகளைப் பெருக்கியே அக்குறையை அவர் ஈடுசெய்தார்.

இணையத்தில் அலமாரி இல்லை. 2003இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘டெலிசியஸ்’ என்ற தளம், வாசகர் தாம் விரும்பிய பக்கங்களைச் சேமித்துத் தாமே விரும்பிய குறிச்சொற்களை இட வழிசெய்தது. 2004இல் ‘ஃபிளிக்கர்’ படங்களுக்கு அவ்வாறே செய்தது. வல்லுநரின்றி மக்களே வகைப்படுத்தும் இம்முறைக்கு அதே ஆண்டில் தாமஸ் வாண்டர் வால் ‘ஃபோக்சோனமி’ என்று பெயரிட்டார். மக்கள் வகைப்பாடு எனத் தமிழில் கூறலாம். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா பரிந்துரைத்த வேலியடையாளக் குறிச்சொல் இன்று சிறுவரும் அறிந்தது. டெலிசியஸ் 2017இல் கைமாறி, புதியன ஏற்காத காப்பகமாகச் சுருங்கிற்று. அதில் ஆண்டுக்கணக்காகக் குறிச்சொல் இட்டு வைத்தோரின் உழைப்பும் அதனோடு உறைந்துபோனது.

ஆளுக்கொரு சொல்லை இடுவதால் விளையும் குழப்பத்தைத் தவிர்க்கக் கணினியே குறிச்சொற்களைப் பரிந்துரைக்கும் முறைகள் பின்னர் எழுந்தன. அடிப்படையில் இவை இருவகை. ஒன்று, கட்டுரையின் உள்ளே மிகுதியாக வரும் சிறப்புச் சொற்களை எடுத்துக் காட்டும். மற்றொன்று, இதுபோன்ற கட்டுரைகளுக்குப் பிறர் இட்ட சொற்களைப் பார்த்து அவற்றையே முன்மொழியும். இன்றைய செயற்கை அறிவு இவ்விரண்டையும் கலந்து செய்கிறது. இரண்டாம் வகையில் ஒரு பொறி உண்டு. டெலிசியஸ் தளத்தை ஆராய்ந்து கோல்டர், ஹூபர்மன் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பக்கத்தை ஏறத்தாழ முதல் நூறு பேர் குறித்தபின் குறிச்சொற்களின் விகிதம் பெரிதும் மாறாமல் நிலைபெற்றுவிடுகிறது எனக் காட்டியது. முந்தி வந்தோர் இட்ட பெயரே பிந்தி வருவோர்க்கும் வழியாகிறது. முதலில் வந்தவர் அயலாராயின், அயற்பெயரே நிலைக்கும்.

நம் சமுதாயம் கவலை கொள்ள வேண்டிய இடம் இதுவே. தமிழ் முஸ்லிம் ஒருவர் எழுதியது எதுவாயினும் ‘இஸ்லாம்’ என்ற ஒற்றைக் குறிச்சொல்லுக்குள் இட்டுவிடும் வழக்கம் தமிழ்ப் பக்கங்களில் மலிந்திருக்கிறது. யூனானி மருத்துவ நூலும், கடல்வணிகக் குறிப்பும், தறிக்காரர் பாடலும், திருமணச் சிந்தும் அதற்குள்ளேயே புதையும். நெசவைப் பற்றித் தேடுபவர் அங்கே வரார். இஸ்லாத்தைப் பற்றித் தேடுபவரோ நெசவைக் கண்டு ஒதுங்கிச் செல்வார். மறுபுறம், ஆரணிக் கோட்டையையும் மராட்டிய சாகீர்தார்களையும் பற்றிய பக்கத்தில் ஆற்காட்டு நவாபுக்கு ஒரு குறிச்சொல்லும் இராது. இதில் எவரும் திட்டமிட்டு மறைத்ததாகக் கருத வேண்டியதில்லை. பரிந்துரைப் பட்டியலில் அப்பெயர் தோன்றவில்லை, ஆகவே இடவில்லை. இடாததால் அடுத்த முறையும் தோன்றாது.

எழுத்துவழக்கின் பன்மை இதை மேலும் கடினமாக்குகிறது. முஸ்லிம், முஸ்லீம், முசுலிம். குர்ஆன், குரான், திருக்குர்ஆன். ஹதீஸ், ஹதீது, அதீது என ஒவ்வொன்றும் கணினிக்கு வேறு வேறு சொல். எவ்வடிவம் சரி என்று வழக்காடுவதில் பயனில்லை. ஒன்றைத் தலைமைப் பெயராகக் கொண்டு, ஏனையவற்றை அதற்கு வழிகாட்டும் பெயர்களாக இணைத்துவிட்டால் போதும். நூலகர்கள் ‘காண்க’ என்று அட்டையில் எழுதியது இதற்காகவே. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்பதற்கு முன்பு வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளில் ஏற்றப்பட்டவை மாற்றப்படாதிருக்குமாயின், அவற்றை எந்தச் சொல்லாலும் தேட இயலாது.

அரபுத்தமிழ் நூல்களின் நிலை இவற்றினும் இரங்கத்தக்கது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ், 1816–1898) அவர்களின் ‘மகானி’ போன்ற நூல்கள் மொழியால் தமிழ், எழுத்தால் அரபு. எழுத்தை நோக்கும் பட்டியலாளர் அரபு நூல் என்று குறிப்பார். அரபறிந்த வாசகர் எடுத்துப் பார்த்து விளங்காமல் வைத்துவிடுவார். தமிழ்ப் பட்டியலை நோக்குவோர் அப்படியொரு நூல் இருப்பதையே அறியார். மொழிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, ஆக்கியோர் ஊருக்கு ஒன்று என நான்கு குறிச்சொற்கள் இடும் சிறு உழைப்பால் தீரக்கூடிய இழப்பு இது.

ஆரணிக்குத் திரும்புவோம். அவ்வூர் வீடுகளிலும் கடைகளிலும் உள்ள பழைய கணக்கேடுகள், திருமண அழைப்புகள், பள்ளிவாசல் ஆவணங்கள், நிழற்படங்கள் ஆகியவற்றை இளைஞர் எவரேனும் மின்வடிவாக்க முற்பட்டால், எந்தப் பெயர்களைப் பரிந்துரைக்கலாம்? ஊர்ப்பெயரின் தமிழ் வடிவத்தோடு பழைய ஆங்கில வடிவங்களும், உருதுவிலும் பாரசீகத்திலும் எழுதும் முறையும் இணைக்கப்பட வேண்டும். வடஆர்க்காடு, திருவண்ணாமலை என இரு மாவட்டப் பெயர்களும் ஆண்டு எல்லையோடு வேண்டும். தொழிற்சொற்களை நெசவாளரிடமே கேட்டறிதல் நன்று. பாவு, ஊடை, அச்சு, ஜரிகை, கோர்வை, புட்டா என அவர்கள் வாயில் வழங்கும் சொல்லை விட்டுவிட்டுக் ‘கைத்தறித் துணிவகை’ என்று பொதுப்பட எழுதிவைத்தால், அத்தொழில் அறிந்தவர்க்கே அது அயலாகிவிடும். தறிக்காரர் ஒரு சேலையை உடல் நிறத்தாலும் கரையாலும் முந்தானையாலும் ஜரிகையாலும் அடையாளம் கூறுவர். இவ்வகையில் பலகூறுப் பகுப்பை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பெயர்ச்சீட்டின் மதிப்பையும் அவ்வூரார் நன்கறிவர். ஆரணியில் நெய்த சேலை காஞ்சிப்பட்டு என்ற பெயரில் விலைபோவது வணிக உலகில் புதிதன்று. காஞ்சிபுரப் பட்டைத் தொடர்ந்து, 2008ஆம் ஆண்டளவில் ஆரணிப் பட்டும் புவிசார் குறியீட்டைப் பெற்றது. ஒரு பொருளை அது பிறந்த ஊரின் பெயரால் அழைக்கச் சட்டம் தந்த உரிமை அது. சேலைக்குக் கிடைத்த அவ்வுரிமை ஊரின் ஆவணங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கணினியின் பரிந்துரையை முற்றாகத் தள்ள வேண்டும் என்பது நம் கருத்தன்று. பல்லாயிரம் பக்கங்களை மனிதர் ஒருவரே படித்துக் குறிப்பது ஆகாத செயல். அது பத்துச் சொற்களை முன்வைக்கட்டும். ஊரறிந்த ஒருவர் அவற்றுள் நான்கை ஏற்று, விடுபட்ட மூன்றைச் சேர்க்கட்டும். எதை எவர் இட்டார் என்பதும் பதிவாகட்டும். நவவியின் தலைப்பை முஸ்லிமின் தலைப்பாக மயங்கியது போன்ற மயக்கம் அப்போது நேராது.

பழைய ஆவணங்களுள் சில எதைப் பற்றியவை என்றே விளங்காதவையாக இருக்கும். முகவரியற்ற கடிதங்கள், பெயரெழுதாத நிழற்படங்கள், பாதி கரையானுக்கு இரையான கணக்குத் தாள்கள் முதலியன அவை. கணினி இவற்றுக்கும் தயங்காமல் ஏதேனும் ஒரு பெயரை முன்மொழியும். இமாம் புகாரியின் தொகுப்பில் சில இடங்களில் ‘பாப்’, அதாவது ‘இயல்’, என்ற சொல் மட்டும் நிற்கிறது. தலைப்பு இல்லை, கீழே ஹதீஸ் உண்டு. வேறு சில இடங்களில் தலைப்பு உண்டு. கீழே ஹதீஸ் இல்லை. முன்னது பற்றியும் பின்னது பற்றியும் உரையாசிரியர்கள் இன்றளவும் காரணங்கள் கூறிவருகின்றனர். ஆரணியின் பெயரறியாப் படங்களையும் அவ்வாறே ‘படம்’ என்று மட்டும் குறித்து, பெயரிடத்தை வெறுமையாக விட்டு, அப்பக்கத்தை ஊர் முதியவர்களிடம் காட்டலாம்.